டீச்சரம்மாவைக் கேட்காமல்

முதியோர் இல்லத்தைப் பதினோரு வருடமாக ஒற்றை ஆளாய்க் கட்டியிழுத்த டீச்சரம்மா தன் வீட்டில் காய்ச்சலில் படுத்திருந்தார். காலையிலிருந்து ஆறாவது முறையாக போன் அடித்தது.

“குழாய் ஒழுகுதும்மா, பிளம்பரைக் கூப்பிடலாமா?” என்றாள் இல்லத்து நர்ஸ்.

“வேண்டாம்னா ஒழுகட்டும்னு விட்டுடுவியா?” என்று எரிந்து விழுந்தார்.

“போன மாசம் கேக்காம கூப்பிட்டதுக்கு ஒரு வாரம் எங்கிட்ட பேசவே இல்லையேம்மா நீங்க.”

டீச்சரம்மாவுக்குச் சுருக்கென்றது.

“சரி, இனிமே குழாய், மருந்து, சமையல் எல்லாம் நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. எனக்கும் உடம்புன்னு ஒண்ணு இருக்கு” என்றார்.

நான்கு நாள் போன் வரவில்லை. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டு அவர் இல்லத்துக்குப் போனபோது குழாய் ஒழுகவில்லை. ஆனால் கட்டில்களையெல்லாம் ஜன்னலோரம் மாற்றிப் போட்டிருந்தார்கள். ‘யாரைக் கேட்டு?’ என்று நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பெரியவர்களோடு உட்கார்ந்து காபி குடித்தார். காபியில் சர்க்கரை அதிகம், அதையும் சொல்லவில்லை.