பொருள்: நேற்றைய நிகழ்ச்சியில் உள்ள தவறுகள்

திண்டுக்கல் கலெக்டர் ஆபீஸ் வாசலில் திங்கட்கிழமை காலையில் மனு எழுதிக் கொடுப்பவர்கள் ஏழெட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வேப்பமரத்தடியில் மடக்கு மேசை போட்டிருப்பவள் மூக்காயி. வயது நாற்பத்தாறு. ரெட்டியார்சத்திரத்துப் பக்கம் ஊர். பன்னிரண்டாம் வகுப்பு, டைப்ரைட்டிங்கில் ஹையர். கணவன் சடையாண்டி ஒன்றரை ஏக்கரில் முருங்கையும் தக்காளியும் போடுகிறவன். தக்காளி எந்த விலைக்குப் போனாலும் ஒரே முகத்தோடு இருக்கக்கூடிய மனிதன்.

தொழிலுக்கு வந்த முதல் வருஷம் மூக்காயி ஒரு தப்புச் செய்தாள். ஆத்தூரிலிருந்து வந்த கண்ணம்மாள் என்ற விதவைக்குப் பட்டா மாறுதல் மனு எழுதி, பெறுநர் இடத்தில் ‘வட்டாட்சியர் அவர்கள், ஆத்தூர்’ என்று மட்டும் போட்டுத் தபாலில் சேர்த்துவிட்டாள். மாவட்டம் எழுதவில்லை. மனு சேலம் மாவட்டத்து ஆத்தூருக்குப் போய், நாலு மாதம் தங்கி, ‘இவ்வூர் அல்ல’ என்ற பென்சில் குறிப்போடு திரும்பி வந்தது. கண்ணம்மாள் கோபப்படவில்லை. “நான் சேலத்தப் பாத்ததில்ல தாயி, என் மனு பாத்துட்டு வந்துருச்சு” என்றாள். திட்டியிருந்தால்கூட மூக்காயி மறந்திருப்பாள்.

அதிலிருந்து அவளிடம் மனு எழுத வருகிறவர்கள் பாடு திண்டாட்டம்தான். சர்வே எண்ணை மூன்று முறை சொல்ல வேண்டும். ‘ரொம்ப நாளா’ என்றால் எத்தனை நாள் என்று கேட்பாள். ‘எல்லாரும்’ என்றால் பெயர் கேட்பாள். பக்கத்து மேசை முகமது யாசின் முப்பது வருஷமாக மனு எழுதுகிறவர். “நீ எழுதுற மனுவவிட நீ கேக்குற கேள்வி நீளமா இருக்கு. வேணும்னுதான் மூக்காயின்னு பேரு வச்சிருப்பாக” என்பார்.

செவ்வாய் முதல் வெள்ளி வரை கூட்டம் இருக்காது. அந்த நேரத்தில் மூக்காயி கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கும் மகள் புவனேஸ்வரியைக் கூப்பிட்டு அரசியல் பேசுவாள். பட்ஜெட்டில் என்ன சொன்னார்கள், யார் யாரோடு கூட்டணி என்று மகளிடம் அபிப்பிராயம் கேட்பாள். மகள் பொறுத்துப் பார்த்தாள். விடுமுறைக்கு வந்தபோது ஒரு ஹெட்செட்டை வாங்கிக் கொடுத்து, போனில் பாட்காஸ்ட் கேட்கச் சொல்லிக்கொடுத்தாள்.

“இதுல நாள் பூரா அரசியல்தான்மா பேசுவாங்க. நீ கேட்டுக்கிட்டே இரு. என்னய விட்ரு.”

அப்படித்தான் ‘நாலு பேர் பேச்சு’ மூக்காயியின் காதுக்குள் வந்தது. சென்னையிலிருந்து வாரம் மூன்று நாள். நடத்துகிறவர்கள் சிவபிரகாஷ், ஃபாரிஸ் என்ற இரண்டு பேர். சிவபிரகாஷ் முன்பு ஏதோ பத்திரிகையில் இருந்தவன். ஒவ்வொரு வாக்கியத்தையும் ‘அடிப்படையில் பார்த்தீங்கன்னா’ என்று தொடங்கி அடிப்படையைப் பார்க்காமலே முடிப்பான். ஃபாரிஸுக்குச் சிரிக்கும் வேலை. மூக்காயிக்கு இருவரையும் பிடித்துப்போனது. பஸ்ஸில் கேட்டாள், சமைக்கும்போது கேட்டாள், கார்பன் வைக்கும்போது ஒரு காதில் கேட்டாள்.

ஒரு புதன்கிழமை ‘கொதிக்கும் தென் மாவட்டங்கள்’ என்று ஒரு எபிசோடு வந்தது. மறுநாள் மேசையில் உட்கார்ந்து அதைக் கேட்டாள். அதில் சிவபிரகாஷ், திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூரில் மரவள்ளி விவசாயிகள் ஜவ்வரிசி ஆலைகளின் மீது பெரும் கோபத்தில் இருப்பதாகவும், அது தேர்தலில் எதிரொலிக்கும் என்றும் சொன்னான். மூக்காயி காதிலிருந்து ஹெட்செட்டைப் பிடுங்கினாள். யாசின் பாய் என்ன என்று கேட்டார்.

“நம்ம ஆத்தூர்ல எங்க பாய் ஜவ்வரிசி ஆல இருக்கு? இவுக சேலத்து ஆத்தூரச் சொல்றாக.”

“சொல்லிட்டுப் போறாங்க. ஜவ்வரிசி நீயா திங்கப்போற?”

அவளால் முடியவில்லை. போனை எடுத்து வாய்ஸ் மெசேஜ் ஒன்று அனுப்பினாள். கடிதம் எழுதினாலும் பேசினாலும் அவளுக்கு ஒரே ஒரு நடைதான் தெரியும்.

“அனுப்புநர், ச. மூக்காயி, மனு எழுதுபவர், ரெட்டியார்சத்திரம், திண்டுக்கல் மாவட்டம். பெறுநர், சிவபிரகாஷ், ஃபாரிஸ் தம்பிகள், சென்னை. பொருள், நேற்றைய நிகழ்ச்சியில் உள்ள தவறுகள். ஐயா, வணக்கம். ஆத்தூர் ரெண்டு இருக்கு. எங்க ஆத்தூர்ல அணை இருக்கு, தென்னை இருக்கு, நெல்லு இருக்கு. நீங்க சொன்ன கோவம் சேலத்துக்காரவுக கோவம். அத அவுககிட்டயே குடுத்துருங்க. இன்னொண்ணு, பேரு நாலு பேர் பேச்சுன்னு இருக்கு, பேசுறது ரெண்டு பேரு. மத்த ரெண்டு பேரு எங்கேன்னு தெரியப்படுத்தணும்னு பணிவோட கேட்டுக்கிறேன்.”

அதை அவர்கள் அப்படியே ஒலிபரப்பினார்கள். ஃபாரிஸ் அன்று உண்மையாகவே சிரித்தான். கேட்பவர்கள் ‘அக்கா இன்னும் வேணும்’ என்று எழுதிக் குவிக்க, வாரா வாரம் ‘மூக்காயி அக்கா மனு’ என்று கடைசியில் ஐந்து நிமிஷம் ஒதுக்கினார்கள். தவறுகளுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. ஒரு வாரம் வைகையைத் தப்பான பக்கம் ஓட விட்டிருந்தார்கள். இன்னொரு வாரம், ஒருவர் தோற்ற தேர்தலில் அவரை ஜெயிக்க வைத்து, அந்த வெற்றிக்கு மூன்று காரணங்களும் சொல்லியிருந்தார்கள்.

ஐந்தாவது மாதம் அவர்கள் திண்டுக்கல்லுக்கே வந்தார்கள். மக்கள் மனநிலையை நேரில் அறிவதற்காம். வந்ததும் முதலில் பிரியாணி சாப்பிட்டார்கள். அதற்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. பிறகு பஸ் ஸ்டாண்டில் ஓர் ஆட்டோக்காரரிடம் மைக்கை நீட்டினார்கள். அவர் “எந்தக் கட்சிக்காரங்க நீங்க?” என்று கேட்டுக்கொண்டு, அதற்குத் தகுந்த மாதிரி பேசினார். மக்கள் மனநிலை முடிந்தது. கடைசியாக வேப்பமரத்தடிக்கு வந்து மூக்காயியை உட்காரவைத்து, கேமராவும் வைத்து, நாற்பத்தேழு நிமிஷம் பேசவைத்தார்கள்.

சிவபிரகாஷ் கேட்டான்: “அக்கா, ஒரு சாமானியப் பெண்ணா இந்த ஆட்சியப் பத்தி என்ன நினைக்கிறீங்க?”

“சாமானியம்னா என்ன தம்பி? நான் மனு எழுதுறவ. எங்க தெருவுல மூணு நாளா லைட்டு எரியல. எழுதிக் குடுத்தேன். மறுநா வந்து மாட்டிட்டாக. இப்ப எரியுது. ஆனா மாட்டுனவரு ஏணிய எங்க வேலியில சாச்சதுல ரெண்டு முருங்கக்கொப்பு ஒடிஞ்சுபோச்சு. அம்புட்டுதான்.”

இதுதான் அந்த நாற்பத்தேழு நிமிஷத்திலேயே அரசியலுக்கு மிகவும் நெருங்கிய பகுதி.

வீடியோ வெள்ளிக்கிழமை வந்தது. முகப்பில் மூக்காயி வாயைத் திறந்தபடி இருந்தாள். மதியம் வெயிலில் அவள் கொட்டாவி விட்ட கணத்தைத் தேடிப்பிடித்து எடுத்திருந்தார்கள். அவள் வாயை நோக்கி ஒரு சிவப்பு அம்புக்குறி. மேலே மஞ்சள் எழுத்தில்: ‘கொந்தளித்த திண்டுக்கல் முத்தாயி! ஆட்டம் கண்ட கோட்டை!!’

மூக்காயி அதை மூன்று முறை பார்த்தாள். கோட்டையைக்கூட அவள் மன்னித்திருப்பாள். பேரை மாற்றியிருந்தார்கள். சடையாண்டி எட்டிப்பார்த்து, “படத்துல பல்லு நல்லாத்தான் விழுந்துருக்கு” என்றான். அவள் போய்க் குழம்பைக் கிண்டினாள். கிண்ட வேண்டிய அவசியம் அப்போது குழம்புக்கு இருக்கவில்லை.

மறுநாள் காலை ஆளுங்கட்சியின் கிளைச் செயலாளர் கண்ணுசாமி மூன்று பேரோடு வீட்டுக்கு வந்துவிட்டார். உட்காரவில்லை.

“என்ன மதினி, கோட்டையவே ஆட்டிப்புட்டீங்களாம்ல? லைட்டு போட்டுக் குடுத்ததுக்கு இதுதான் மரியாதையா?”

“வீடியோவப் பாத்தீங்களா?”

“அதான் தலைப்புலயே தெரியுதே.”

மூக்காயி நாற்காலிகளைப் போட்டாள். போனைச் செம்பில் சாய்த்து வைத்து, நால்வரையும் முழுசாகப் பார்க்க வைத்தாள். பாதியில் எழுந்தவரை உட்காரச் சொன்னாள். முப்பதாவது நிமிஷத்தில் ஒருவர் தூங்கிவிட்டார். முடிந்ததும் கண்ணுசாமி முகம் தெளிந்திருந்தது.

“மதினி, இதுல நீங்க எங்களப் பாராட்டியில்ல இருக்கீங்க. அப்ப தலைப்ப ‘நன்றி சொன்ன திண்டுக்கல் பெண்’னு மாத்தச் சொல்லுங்க.”

“நன்றியும் சொல்லலயே. லைட்டு எரியுதுன்னு சொன்னேன். கொப்பு ஒடிஞ்சதுன்னும் சொன்னேன்.”

அவர்கள் குழப்பத்தோடு போன அரை மணி நேரத்தில் எதிர்க்கட்சிக்காரர்கள் சால்வையோடு வந்தார்கள். அவர்களும் வீடியோவைப் பார்த்திருக்கவில்லை. பார்க்கச் சொன்னதற்கு, இன்னொரு துக்க வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது என்றார்கள். ‘இன்னொரு’ என்ற சொல்லை மூக்காயி கவனித்தாள். சால்வையை வேண்டாம் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் சடையாண்டி வாங்கித் தலையில் கட்டிக்கொண்டு தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டான்.

வெளியே இப்படிச் சிரிப்பாக நடந்தாலும் மூக்காயிக்கு உள்ளே ஆறவில்லை. ஒரு வாரம் ஹெட்செட்டை எடுக்கவே இல்லை. திங்கட்கிழமை மனு எழுத வந்தவர்கள் அவளைப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்தபோது, சர்வே எண்ணை ஒரே ஒரு முறை கேட்டு எழுதினாள். யாசின் பாய் அதைப் பார்த்துத்தான் பயந்தார்.

“தாயி, உடம்புக்கு எதுவுமா?”

“இல்ல பாய். அடுத்தவுக பேரத் தப்பா எழுதிரக் கூடாதுன்னு பதினேழு வருசமாப் பாத்துப் பாத்து எழுதுறேன். என் பேர எழுதுறதுக்கு ஒருத்தனுக்கு நேரமில்ல.”

யாசின் பாய் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தார். “எழுது. நீ ஊருக்கெல்லாம் எழுதுறல்ல.”

எழுதினாள். பதினோரு தவறுகள், நிமிஷக் கணக்கோடு, இரண்டு பக்கம். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் சென்னைக்கு அனுப்பினாள். நாலாம் நாள் சிவபிரகாஷ் கூப்பிட்டான்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. தலைப்பு நாங்க வைக்கிறதில்ல. அந்த மாதிரி வச்சாத்தான் அல்காரிதம் எடுக்கும்.”

“என் பேர முத்தாயின்னு எழுதுனது அல்காரிதமா?”

 பக்கத்தில் ஃபாரிஸ் சிரிப்பை அடக்குவது கேட்டது. பிறகு அவன்தான் போனை வாங்கி, தலைப்பை மாற்றுவதாகச் சொன்னான். மாற்றவும் செய்தான். அதோடு, இனிமேல் பேசப்போவதை முன்கூட்டியே எழுதி அனுப்பினால் சரிபார்த்துத் தர முடியுமா என்றும் கேட்டான். மூக்காயி ஒரு நாள் யோசிப்பதாகச் சொல்லிவிட்டு, ஒரு மணி நேரத்தில் சரி என்றாள்.

இரண்டரை மாதம் அந்த வேலையைச் செய்தாள். போனில் வருவதைப் பிரிண்ட் எடுத்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சிவப்பு மையால் அடித்து, படம் பிடித்து அனுப்புவாள். ‘மக்கள் கொதிக்கிறார்கள்’ என்று இருந்தால், பக்கத்தில் ‘எந்த மக்கள், எத்தனை பேர்?’ என்று எழுதுவாள். ‘வட்டாரங்கள் தெரிவிக்கின்றன’ என்றால், ‘வட்டாரத்தின் பெயர், முகவரி?’ ஒரு முறை ஒரு தலைவர் மனசுக்குள் என்ன நினைக்கிறார் என்று சிவபிரகாஷ் அரைப் பக்கம் எழுதியிருந்தான். அதை முழுசாக அடித்து, ‘இது நமக்குத் தெரியாது’ என்று எழுதி அனுப்பினாள்.

நிகழ்ச்சியில் தவறு அற்றுப்போனது. ஐம்பத்திரண்டு நிமிஷம் ஓடியது பத்தொன்பது நிமிஷமாகச் சுருங்கியது. சில நாள் ‘இது இன்னும் உறுதியாகவில்லை’ என்று சொல்லிவிட்டு இருவரும் சும்மா உட்கார்ந்திருப்பது போலக் கேட்டது. கேட்பவர்களும் குறைந்துகொண்டே வந்தார்கள். ‘முன்ன இருந்த காரம் இல்ல ப்ரோ’, ‘யாருக்கோ பயந்துட்டாங்க’, ‘எவ்ளோ வாங்குனீங்க?’ என்று கருத்துகள் வந்தன. ஒரு தப்பும் சொல்லாமல் இருப்பதற்கு யாரிடமோ காசு வாங்கியிருக்க வேண்டும் என்பதில் எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே கருத்தோடு இருந்தார்கள்.

ஃபாரிஸ் கூப்பிட்டபோது அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“அக்கா, உங்க மேல எந்தக் குறையும் இல்ல. நீங்க சொன்னதெல்லாம் சரி. அதுதான் பிரச்சினை.”

“புரியுது தம்பி. மறுபடியும் பொய் சொல்லப் போறீங்க.”

“பொய் இல்லக்கா. கொஞ்சம் வேகமாச் சொல்லுவோம்.”

“அதுக்கு சிவப்பு மை வேண்டாந்தான். நல்லா இருங்க.”

அவளுக்கு வருத்தம் இல்லை என்று சொல்வதற்கில்லை. அன்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, எதையும் ஓடவிடாமலே ரெட்டியார்சத்திரம் வரை வந்தாள்.

அவளுடைய ஐந்து நிமிஷ இடத்துக்கு ‘கடலோர அக்கா’ என்று ஒருத்தியைப் பிடித்தார்கள். தூத்துக்குடிப் பக்கத்தில் வலை பின்னும் செபாஸ்தியம்மாள். மூக்காயி ஒரு மாதம் பிடிவாதமாகக் கேட்கவில்லை. பிறகு கேட்டாள். நன்றாகத்தான் பேசினாள் அந்தப் பெண். ஆனால் மீன்பிடித் தடைக்காலம் அறுபத்தோரு நாள் என்று சொன்னாள். மூக்காயிக்குத் தெரியும், அது நாற்பத்தைந்து நாள். ஃபாரிஸிடம் நம்பர் வாங்கி, அனுப்புநர் பெறுநரோடு ஒரு வாய்ஸ் மெசேஜ் தட்டிவிட்டாள்.

பதில் பத்தே நிமிஷத்தில் வந்தது. “யக்கா, நீங்க பழைய கணக்க வச்சிக்கிட்டுப் பேசுதீய. முன்னாடிதான் நாப்பத்தஞ்சு. அத அறுபத்தொண்ணாக்கி வருசம் ஆச்சே. கரையில சும்மா உக்காந்திருக்கவுக நாங்க, எங்களுக்குத் தெரியாதா?”

மூக்காயி சரிபார்த்தாள். அறுபத்தொன்றுதான். அன்று வந்தவர்களிடம் சர்வே எண்ணை ஐந்து முறை கேட்டாள். யாசின் பாய் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, மேசையில் தலை சாய்த்து வெகுநேரம் சிரித்தார். மறுநாள் காலை பஸ் ஏறுவதற்கு முன்பு அவள் செபாஸ்தியம்மாளைக் கூப்பிட்டாள். தவறு தன்னுடையதுதான் என்று சொல்ல அரை நிமிஷம் ஆனது. மிச்சம் ஐம்பது நிமிஷம் என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை. பஸ் திண்டுக்கல் வந்த பிறகும் பேச்சு முடியவில்லை.

இப்போது புதன்கிழமை தோறும் இருவரும் பேசிக்கொள்கிறார்கள். முருங்கை, வலை, மகள்கள், கொஞ்சம் அரசியல். யாரும் பதிவு செய்வதில்லை. பக்கத்து மேசையில் இருக்கும் யாசின் பாய் மட்டும் அந்த நேரத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.