மூன்று தீவுகளும் ஒரே மேசையில்

இலவசமாகக் கிடைத்த மென்பொருளையும் குறை சொல்கிறான் என்று என்னைத் திட்டுகிறவர்கள் திட்டட்டும். அதன் புதிய பதிப்பு வந்த வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எங்கள் தீவுகளிலிருந்து வெளிநாடு போனவர்களின் சங்கம் ஒன்று, ஊரின் வீடியோக்களையெல்லாம் சேமித்து வைப்பதற்கென்று மூன்று கணினிகள் வாங்கித் தந்தது. ஊர்காவற்துறைக்கு ஒன்று, நயினாதீவுக்கு ஒன்று, நெடுந்தீவுக்கு ஒன்று. மூன்றையும் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அவற்றில் ஓடியது ஒரு திறந்த மூல மென்பொருள். எந்தப் பெட்டியில் எதைப் போட்டாலும் மூன்றிலும் பிரதி எடுத்து வைத்துவிடும். ஒன்று செத்தாலும் மற்ற இரண்டிலும் இருக்கும். திறப்பு விழாவில் நாடா வெட்டினார்கள், பெயர்ப்பலகை திரைநீக்கம் செய்தார்கள், வடை கொடுத்தார்கள். வடை நன்றாக இருந்தது.

பிறகு உப்புக் காற்று தன் வேலையைக் காட்டியது. முதலில் நெடுந்தீவுப் பெட்டியின் விசிறி துருப்பிடித்து நின்றது. திருத்துவதற்கென்று ஊர்காவற்துறையிலுள்ள என் அறைக்கு வந்தது. திருப்பிக் கொண்டுபோக ஆள் வரவில்லை. அடுத்தது நயினாதீவுப் பெட்டி. அது இருந்த அறையில் யாரோ ஆடு கட்டத் தொடங்கியிருந்தார்கள். "உம்மட்டயே இருக்கட்டும் தம்பி, அங்கதான் பாதுகாப்பு" என்று சங்கத் தலைவர் தொலைபேசியில் தீர்ப்புச் சொன்னார். அவர் இருக்கும் பனிநாட்டிலிருந்து பார்த்தால் மூன்று தீவும் ஒன்றாகத்தான் தெரியும்போல. ஆக மூன்று பெட்டிகளும் ஒரே மேசையில், ஒரே பிளக்கில். இடி முழங்கினால் ஓடிப்போய் அந்தப் பிளக்கைப் பிடுங்குவேன். மூன்று தீவுகளும் ஒன்றாகக் கண்ணை மூடும்.

பழைய பதிப்பு இதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. மூன்று இருந்தால் அதற்குப் போதும். புதிய பதிப்பு வேறு சாதி. வேகம் கூடியிருக்கிறது, திரையின் நிறம் மாறியிருக்கிறது என்று அதன் மாற்றக் குறிப்பில் நிறையப் பெருமை அடித்திருந்தார்கள். நடுவில் ஒரு வரி: இனி ஒவ்வொரு கணினியும் எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும், பிரதிகள் வெவ்வேறு இடங்களில் இல்லாவிட்டால் புதிதாக எதையும் ஏற்காது. உலகத்தின் எந்த மூலையிலோ இருக்கும் ஒரு நல்ல மனிதர் எங்கள் சங்கத்தை அறிந்தே எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன்.

தலைவரை வீடியோ அழைப்பில் பிடித்தேன். "அண்ணை, இது இடம் கேக்குது. மூண்டும் என்ர மேசையில எண்டால் ஏற்காதாம்."

"அதை ஏன் எழுதிறீர்? பெயர்ப்பலகையில இருக்கிறபடி எழுதும். மிஷினுக்குக் கண்ணே இருக்கு?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். இரண்டு தீவுகளை மேசையில் மறைக்கச் சொன்னவர் இவர் ஒருவர்தான்.

அந்த நேரம் பார்த்து நயினாதீவிலிருந்து ஓர் அக்கா வாசலில் வந்து நின்றார். அவருடைய ஒரே மகன் பண்ணைப் பாலத்தில் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டான். அவன் போனும் அவனோடேயே நொறுங்கிப் போனது. அவன் குரல் மிஞ்சியிருப்பது இந்தப் பெட்டிகளில் உள்ள ஒரு திருவிழா வீடியோவில் மட்டும். ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்தவன் அவன். மறுநாள் திவசம். குரலைக் கேட்கலாமென்று ஊரில் பெட்டி இருந்த அந்த அறைக்குப் போயிருக்கிறார்.

"பிள்ளையின்ர குரல் மூண்டு தீவிலயும் பத்திரமா இருக்குதெண்டு மேடையில சொன்னவை தம்பி. அங்க ஆடெல்லே நிக்குது."

மேசையைக் காட்டினேன். மூன்று பெட்டிகளையும் பார்த்தார். பிறகு மேலே, மழைக்கு ஊறிக் கறுத்த கூரையைப் பார்த்தார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"இந்தக் கூரை விழுந்தால்?"

"மூண்டும் போகும், அக்கா." சொல்ல வெட்கமாக இருந்தது.

"எங்கட பெட்டி எது? கழட்டித் தாரும்."

தலைவர் இன்னும் அழைப்பில் இருந்தார். "அக்கா, அப்பிடிக் கொண்டுபோக ஏலாது. குழு கூடித் தீர்மானிக்கோணும். அது ஊர்ச் சொத்து."

"ஓம் தம்பி, ஊர்ச் சொத்துத்தான். அதுதான் ஊருக்குக் கொண்டுபோறன்."

நானும் கூடப் போனேன். குறிகட்டுவான் துறையில் வள்ளம் ஏறும்போது பெட்டியைக் கீழே சாமான்களோடு வைக்கச் சொன்னார்கள். அக்கா கேட்கவில்லை. அலையடித்தபோது சேலைத் தலைப்பால் அதை மூடிக்கொண்டு, தான் நனைந்தார்.

அவர் வீட்டில் ரவுட்டர் ஒன்று இருந்தது. பெட்டியை அதில் இணைத்து, இடம் கேட்ட இடத்தில் 'நயினாதீவு' என்று எழுதினேன். சங்க வேலையில் பொய்யில்லாமல் எழுதுவது கைக்குப் புதிதாக இருந்தது. மென்பொருள் அந்த இடத்தை ஏற்றுக்கொண்டது. அதற்குள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் பெயர்ப்பலகைப் படத்தோடு தலைவரின் செய்தி வந்துவிட்டது: மூன்று தீவுகளிலும் புதிய பதிப்பு வெற்றிகரமாக இயங்குகிறது. கீழே வரிசையாகக் கைதட்டல். பற்றி எரிந்தது எனக்கு.

வீடியோவை என் போனில் எடுத்துப் போட்டேன். மேளச் சத்தத்துக்கு மேலால் அவன் குரல் வந்தது: "வள்ளத்தில ஏறிற ஆக்கள் நெருக்காதேங்கோ. எல்லாரையும் கொண்டுபோவம்." அக்கா திருப்பித் திருப்பிப் போடச் சொன்னார். நான் முகத்தைப் பார்க்காமல் போட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் கண்ணைத் துடைத்துவிட்டுக் கேட்டார்: "நெடுந்தீவுப் பெட்டியிலயும் இவன் இருக்கிறானே?"

"ஓம் அக்கா."

"அது இப்பவும் உம்மட மேசையிலயே?"

"ஓம்."

"திவசம் முடியட்டும். நெடுந்தீவு வள்ளம் எத்தினை மணிக்கெண்டு கேட்டு வையும். நானும் வாறன்."