நசியாத தேசிக்காய்கள்

மனோர் பார்க்கில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் நாங்கள், நகரின் ஓரத்தில் சிறு தோட்டக் காணி ஒன்றும் வாங்கினோம். எரு அள்ள, முன்னால் வாளி பூட்டிய சின்ன டிராக்டர் தேவைப்பட்டது. "இந்தப் படலைக்குள்ளால போனாக் காணும்" என்று என் கணவர் காணியின் ஒடுங்கிய வாசலைக் காட்டி, ஆகச் சிறியதையே தேர்ந்தெடுத்தார். விற்றவர் வெறும் வாளியைத்தான் தூக்கிக் காட்டினார்.

முதல் நாள் பூசைக்கு, ஏறி நசுக்கட்டுமென்று நான்கு சக்கரங்களுக்கும் முன்னால் தேசிக்காய் வைத்தேன். முதல் சுமை நிறைவாக இருக்கட்டுமென்று அவர் ஈர எருவை வாளி நிறைய அள்ளி உயர்த்தியிருந்தார். நான் கற்பூரத் தட்டோடு நேரெதிரே, சரிவின் கீழ்ப்பக்கம் நின்றேன். டிராக்டர் நகர்ந்ததுதான் தாமதம், பின்பக்கம் மேலெழுந்து, சரிவில் என்னை நோக்கி வந்தது.

"விலகும், பிரேக் பிடிக்கேல்லை" என்று அவர் கத்தினார்.

நான் பாய்ந்து விலக, அவர் வாளியைக் கீழே போட்டார். நான் நின்ற இடத்திலேயே அது குத்தி நின்றது. தட்டு அதன் அடியில் நெளிந்து கிடந்தது.

முன் தேசிக்காய்கள் நசிந்திருந்தன. பின்னவை இரண்டும் முழுதாகக் கிடந்தன. சக்கரங்கள் அவற்றைத் தொடாமல் அந்தரத்தில் கடந்திருந்தன. பிரேக் இருப்பதும் அந்தப் பின் சக்கரங்களில்தான்.

இப்போது பின்னால் கொங்கிரீட் பாரம் மாட்டியிருக்கிறோம். ஆனாலும் கனத்த சுமை என்றால் வாளியைத் தாழ்த்தியே வைக்கச் சொல்லி, பின் சக்கரத்துக்கு ஒரு தேசிக்காய் வைக்கிறேன். பக்கத்தில் நின்று, அது நசிவதைக் கண்ட பிறகே, "ஓம், இனித் தூக்குங்கோ" என்கிறேன்.