லாரி நிற்கிற இடத்தில் இடது

போன வியாழக்கிழமை சாயங்காலம் என் மைத்துனன் முரளி வந்து, ஒரு பழுப்பு கவரை டைனிங் டேபிளில் வைத்தான். உள்ளே அவன் போட்டோ ஒட்டின சின்ன அட்டை. சர்வதேச ராலி லைசென்ஸ்!

என் மனைவி கலா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல உங்க மாமா பேர் எங்கேயும் இல்லையே?" என்று தம்பியைக் கேட்டாள்.

"இல்லக்கா."

"அப்பாடா!" என்று இரண்டு குரல் கேட்டது. ஒன்று கலாவுடையது. இன்னொன்று... அடியேனுடையது.

முரளியோடு ஸ்டெல்லா என்று ஒரு பெண்ணும் வந்திருந்தாள். அவளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் இந்த அப்பாடாவின் கதை.

ராலி என்றால் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வருகிற ரேஸ் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லையாம். காடு, மேடு, மண் ரோடு என்று ஒவ்வொரு காராக விடுவார்கள். டிரைவர் பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்து, அடுத்த திருப்பம் எப்படி என்று நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து வாசித்துக்கொண்டே வரவேண்டும். அவருக்கு நேவிகேட்டர் என்று பெயர். அவர் சொல்வதை நம்பித்தான் டிரைவர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறான். திருப்பம் கண்ணுக்குத் தெரிந்த பிறகு பிரேக் போட்டால் லேட்.

அடுத்த வருஷ சர்வதேச சீசனில், பெரிய பெரிய கம்பெனிக் கார்களுக்குக் கீழே, சின்ன இன்ஜின் கார்களுக்கென்று ஒரு இரண்டாம் பிரிவு இருக்கிறது. குரோம்பேட்டையில் டயர் கடை வைத்திருக்கும் ஒருவர் அதற்கு ஒரு கார் தயார் செய்தார். டிரைவர் சீட்டுக்கு இரண்டு பேர் போட்டி. ஒருவன் எங்கள் முரளி. இன்னொருவன் பொத்தேரிப் பக்கத்துப் பையன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டிரையல். நேரம் குறைவாக எடுப்பவனுக்கு சீட்.

அதற்குப் பத்து நாள் முன்னால் முரளியின் நேவிகேட்டர் துபாயில் வேலை கிடைத்துப் பறந்துவிட்டான்.

"மாமா, நீங்க உக்காருங்க. காலனி சங்கத்துல ஆண்டறிக்கை வாசிக்கிறது நீங்கதானே? கரண்ட் போனாலும் நிறுத்த மாட்டீங்க. அந்தக் குரல் போதும்."

பாராட்டா, கேலியா? தெரியவில்லை. செங்கல்பட்டு பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைக்காவிட்டால் எனக்கு வயிற்றைப் புரட்டும். கலா கண்டிப்பாகத் தடுத்துவிடுவாள் என்று அவள் முகத்தைப் பார்த்தேன்.

"போய்ட்டு வாங்களேன்" என்றாள்!

இருபது வருஷத் தாம்பத்தியத்தில் அவள் எனக்கு இவ்வளவு சுலபமாக எதற்கும் பர்மிஷன் கொடுத்ததில்லை. அப்போதே உஷாராகியிருக்க வேண்டாமா நான்?

சனிக்கிழமை நோட்ஸ் எழுதுகிற நாள். திருநீர்மலைக்குப் பின்னால், கல்குவாரிப் பக்கம் போகும் மண் பாதையில் காரை மெதுவாக ஓட்டிக்கொண்டே முரளி பாடம் நடத்தினான்.

"தூரம் எழுதுங்க. இடதா வலதான்னு எழுதுங்க. வளைவுக்கு நம்பர் போடுங்க. ஒண்ணுன்னா ரொம்ப வளைவு, ஆறுன்னா கிட்டத்தட்ட நேர். அவ்வளவுதான் மாமா."

தலையாட்டினேன். ஆனால் பத்து நிமிஷத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இந்த வளைவு மூணா, நாலா? எவன் கண்டான்? ஒரு தாம்பரவாசியாக என் மூளை வேறு மாதிரி வேலை செய்தது.

எங்கள் ஏரியாவில் வழி சொல்வது எப்படி? தெருப் பெயர்ப் பலகை கிடையாது. கதவு எண்ணில் பழசு, புதுசு என்று குழப்பம். அதனால் 'தண்ணி டேங்க் தாண்டி, பாதி கட்டி நிற்கிற வீட்டுக்கிட்ட லெஃப்ட்' என்போம். அந்த வீட்டைக் கட்டி முடித்து, பெயின்ட் அடித்து, மாடியும் எடுத்துவிட்டார்கள். எங்களுக்கு இன்னும் அது பாதி கட்டின வீடுதான்.

அதே வழக்கத்தில் எழுதினேன். 'பனைமரம் ரெண்டு, வலது.' 'நீல டிரம், இடது.' 'டீக்கடை, நேர்.' எவ்வளவு தெளிவு! கடைசிப் பெரிய திருப்பத்தில், ஏரிக்கரை மேல், கல் ஏற்றின லாரி ஒன்று நின்றிருந்தது. சக்கரத்துக்கு அடியில் கல் வைத்திருந்தார்கள். நான் ஒன்றும் பொறுப்பில்லாதவன் இல்லை. இறங்கி, வந்த வழியில் தாண்டியிருந்த டீக்கடைக்கு நடந்துபோய் விசாரித்தேன்.

"ஆக்ஸில் பூட்ச்சு சார். ஒரு வாரமா இங்கதான் கீது. நவுராது" என்றார் டீக்கடைக்காரர்.

நிம்மதியாக எழுதினேன்: 'லாரி, இடது.'

ஞாயிறு காலை ஹெல்மெட் மாட்டினார்கள். தலைக்குள் என் மூச்சே எனக்குப் பெரிதாகக் கேட்டது. கொடி ஆட்டினதும் முரளி எடுத்த எடுப்பில்... என் வயிறு ஸ்டார்ட்டிங் பாயின்ட்டிலேயே நின்றுவிட்டது. நான் மட்டும் போனேன்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். குரல் நிற்கவில்லை. பனைமரம், வலது! நீல டிரம், இடது! எல்லாம் அதது இடத்தில் இருந்தது. பாதி தூரத்தில், நேரம் குறிக்க ஆள் நின்ற கொட்டகையைத் தாண்டும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

"அடுத்தது என்ன மாமா?"

"டீக்கடை, நேர்! அப்புறம் லாரி, இடது!"

டீக்கடை வந்தது. போனது.

"லாரி எங்க மாமா?"

"வரும், வரும்!"

"மாமா... லாரி எங்க?"

நிமிர்ந்து பார்த்தேன். லாரி இல்லை. ரோடும் இல்லை. முன்னால் ஆகாயம் மட்டும் இருந்தது.

ஏரிக்கரையிலிருந்து இறங்கினோம் என்று நாகரிகமாகச் சொல்லிக்கொள்கிறேன். நல்லவேளை, இந்த வருஷம் ஏரியில் தண்ணீர் இல்லை. முழங்கால் அளவு சேறும் கோரையும்தான். கார் அதில் மூக்கைக் குத்தி நின்றது. வைப்பர் மட்டும் எதற்கென்று தெரியாமல் ஆடிக்கொண்டிருந்தது.

"மாமா, அடி பட்டுச்சா? கையை ஆட்டுங்க. காலை ஆட்டுங்க" என்றான் முரளி. ஆட்டினேன். எல்லாம் இருந்தது. அதன் பிறகுதான் அவன் ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். "போச்சு மாமா" என்றான். அந்த ஒரு சொல் என்னை உலுக்கியதுபோல் அந்தச் சேறு உலுக்கவில்லை. ஆறு வருஷமாகச் சம்பளத்தையெல்லாம் ஸ்பேர் பார்ட்ஸில் போட்டவன். என்னால் போச்சு.

கரை மேலே டீக்கடைக்காரர் ஓடி வந்தார். "சாரே! நேத்து சாயங்காலம்தான் ஆக்ஸில் வந்துச்சு. மாட்டிகினு பூட்டான் சார்!"

டயர் கடை முதலாளியும் வந்துசேர்ந்தார். எங்களை வெளியே இழுத்துப் போட்டதும், என் கையிலிருந்த நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் படித்தார். உதடு துடித்தது. கோபம் என்றுதான் நினைத்தேன். பார்த்தால், மனிதர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறார்.

"இதை நம்பியா இவ்வளவு தூரம் வந்தே?" என்று முரளியைக் கேட்டார். "கொட்டகை வரைக்கும் அந்தப் பொத்தேரிப் பையனைவிட நீதான் முன்னாடி. ஓட்டினது சரி. வழி சொன்னதுதான் தப்பு. சீட் உனக்குத்தான்."

பிறகு என் பக்கம் திரும்பி, மிகுந்த மரியாதையோடு, "சார்... நீங்க வேண்டாம்" என்றார்.

என் வாழ்க்கையில் பல பேர் என்னை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில், இன்டர்வியூவில், புரமோஷன் லிஸ்ட்டில். ஒருமுறைகூட நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன், சேற்றோடு.

வீட்டில்தான் உண்மை வெளியே வந்தது. எங்கள் கோலத்தைப் பார்த்ததும் கலா அழுதுவிட்டாள்.

"அக்கா புருஷன் பக்கத்துல இருந்தா பயந்து மெதுவா ஓட்டுவான்னுதான் உங்களை அனுப்பினேன்" என்றாள்.

ஆக, என்னை அனுப்பியது நேவிகேட்டராக இல்லை. பிரேக்காக!

முரளி தலையைக் குனிந்தபடி சொன்னான்: "மாமா தப்பா சொல்ல மாட்டார்ங்கற தைரியத்துலதான்க்கா நான் அங்க பிரேக்கே தொடல."

ஒருத்தி என்னை நம்பி அனுப்பியிருக்கிறாள். ஒருத்தன் என்னை நம்பி மிதித்திருக்கிறான். நான் யாரை நம்பினேன்? ஆக்ஸில் உடைந்த லாரியை. பல நாள் எனக்கு அந்த ஆகாயம் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது.

இப்போது ஸ்டெல்லாவுக்கு வருகிறேன். சேலையூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். இரண்டு வருஷமாக ராலிகளில் நேவிகேட்டர். அடுத்த சீசன் முழுக்க முரளிக்குப் பக்கத்தில் உட்காரப் போவது அவள்தான்.

கலா அவளுக்குக் காபி கொடுக்கவில்லை. முதலில் கேள்வி.

"ஏம்மா, வழியில ஒரு லாரி நிக்குதுன்னு வெச்சுக்கோ. நோட்டுல என்ன எழுதுவே?"

ஸ்டெல்லா என்னைத் திரும்பிப் பார்த்தாள். முரளி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான் போலிருக்கிறது.

"லாரி நின்னா எழுத மாட்டேன்க்கா. ரோடு திரும்பினாதான் எழுதுவேன்."

கலா எழுந்துபோய் ஃபில்டரில் புது டிகாக்ஷன் இறக்கினாள். சமையலறையிலிருந்து அவள் பாட்டு முணுமுணுப்பது கேட்டது. டிரையலுக்குப் பிறகு எங்கள் வீட்டில் கேட்ட முதல் பாட்டு.

இந்த வருஷமும் காலனி சங்கத்தில் ஆண்டறிக்கை நான்தான் வாசிக்கிறேன்... அந்த மேடை நவுராது.