கடலென்று நம்பி வந்தவை

போன வருடம் பங்குனி கடைசி. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம், அதை ஒட்டிய சவுக்குத் தோப்பு. செங்கல்பட்டில் என்னோடு வேலை பார்க்கும் தோழியும் நானும் சாயங்காலம் அங்கே பறவை பார்க்கப் போயிருந்தோம். ஆலாக்கள் மீனுக்காகத் தண்ணீரில் பாய்வதைப் பார்த்து முடித்ததும், இருட்டட்டும் என்று காத்திருந்தோம். அந்துப்பூச்சிகளைப் படம் எடுக்கும் ஆசை எனக்கு அப்போதுதான் புதிதாகப் பிடித்திருந்தது. தோப்போரம் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, அதன் முன்னால் பேட்டரி விளக்கைப் போட்டோம்.

அரை மணி நேரத்தில் துணி முழுக்கப் பூச்சிகள். உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று வந்து உட்கார்ந்தது. அதைப் படமெடுக்க ஓர் அடி பின்னால் வைத்தேன். செருப்புக்கடியில் ஏதோ நசுங்கியது. காய் ஏதாவது இருக்கும் என்று குனிந்துகூடப் பார்க்கவில்லை.

எங்கள் வெளிச்சத்தைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, குப்பத்திலிருந்து ஓர் அம்மா வேகமாக வந்தார்.

"வெளக்க அணைம்மா முதல்ல."

பூச்சி பார்க்க வந்தோம் என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் காதில் வாங்கவில்லை. தரையைக் காட்டினார்.

மணலெங்கும் ஆமைக் குஞ்சுகள். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எல்லாம் எங்கள் விளக்கை நோக்கி ஊர்ந்து வந்துகொண்டிருந்தன. என் காலடியில் கிடந்தது காய் இல்லை.

"ராவுல கடலுதான் வெளிச்சமா தெரியும், இந்த வெளக்கத்தான் கடலுன்னு நெனச்சிக்கினு வந்துகினு கீதுங்க," என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

விளக்கை அணைத்தேன். கண் இருட்டுக்குப் பழகியதும் மூன்று பேரும் மண்டியிட்டு, முள்ளுச் செடிகளுக்குள் கைவிட்டுத் தேடினோம். எடுத்தவற்றை அவர் முந்தானையில் ஏந்திக்கொண்டு போய் ஈர மணலில் விட்டார். என் உள்ளங்கையில் இருந்தபோதும் அவை நீந்துவதுபோல் துடுப்புகளை அடித்துக்கொண்டேதான் இருந்தன. அலை வந்து ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டது. முள்ளுக்குள் எத்தனை தங்கிப்போனதோ, தெரியாது.

கடைசியில் நான் மிதித்தது மட்டும் கையில் இருந்தது. அழுகை வந்துவிட்டது. அவர் அதை வாங்கி, மணலில் குழி பறித்து மூடினார்.

"தெரியாமதான பண்ண. வூட்டுக்குப் போம்மா," என்றார்.

பூச்சிகளை இப்போதும் பார்க்கிறேன், என் வீட்டு மொட்டை மாடியில். புது இடம் எதற்குப் போனாலும் முதலில் அங்கே குடியிருப்பவர்களைத் தேடிப் போய் விசாரிக்கிறேன். ஆசையோடு போகிறவளாலும் அழிக்க முடியும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அதை இன்றுவரை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.