லேபிள் சிவப்பு

சிவகாசியில் பட்டாசுப் பெட்டி லேபிளுக்குப் படம் எடுக்கும் ரோஷினி எப்போதும் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நிற்பவள். பழைய கேமராவில் கண் வைத்தால் கண்ணாடி வழியே ஆளே தெரிவார். புதியதில் தெரிவது குட்டித் திரை. லேபிளுக்கு வேண்டிய அடர்சிவப்பை அதில் முன்கூட்டியே ஏற்றிவிட்டால், எதிரே இருப்பவர் அச்சான லேபிளில் இருப்பதுபோலவே சிவந்து தெரிவார். அந்த வேகம் அவளுக்குப் பிடித்திருந்தது.

அன்று மத்தாப்புப் பெட்டியோடு உட்கார்ந்திருந்த குழந்தையைப் புதிய கேமராவில் நாற்பது படம் எடுத்தாள். பிறகுதான் அதன் தாய் அருணாதேவி தூக்கிப் பார்த்துப் பதறினாள்.

"யக்கா, பிள்ளைக்கு மேலு கொதிக்குதுக்கா!"

ரோஷினி திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். வெறும் கண்ணுக்கும் அந்தக் கன்னம் அதே சிவப்பாக இருந்தது. பழைய கேமராவில் முதல் படத்திலேயே தெரிந்திருக்கும்.

காய்ச்சல் விட்டுப் பிள்ளை நாலு நாளில் தேறியது. ஐந்தாம் நாள் பட்டாசுக் கம்பெனி முதலாளி அந்த நாற்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

"எம்புட்டு அழகாச் செவந்திருக்கு! எல்லாப் பெட்டிக்கும் இதையே போடுங்க."