சேகர் அண்ணனின் பின்னூட்டம் வெளிவராத கதை

கட்டற்ற மென்பொருளுக்கு நிரல் எழுதுவது பெரிய வித்தை இல்லை. எழுதுவதற்காக ஆறு பேரை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே அறையில் உட்காரவைப்பதுதான் வித்தை. முயன்று பார்த்து நொந்துபோன சக பாவிகளே, உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: உலகத்தில் எங்கேயோ யாரோ எழுதி, ‘யார் வேண்டுமானாலும் திருத்துங்கள்’ என்று திறந்து வைத்திருக்கும் மென்பொருளைச் சும்மா திருத்திக் கொடுப்பது எங்கள் தொழில். சம்பளம் கிடையாது. திட்டு உண்டு.

இதெல்லாம் நடந்தபோது எனக்குப் பதினேழு வயது. தாம்பரம் பக்கத்தில் பொறியியல் முதல் வருடம். நிரல் எழுத வராது. ஒரு இடத்தில் ஐந்து நிமிடம் உட்காரவும் வராது. வந்தது ஒன்றே ஒன்றுதான். யார் பேசினாலும் அடுத்த நிமிடமே அவர் குரலில் திருப்பிப் பேசிவிடுவேன். தண்ணீர் லாரிக்காரர் முதல் எங்கள் பிரின்ஸிபால் வரை, செம்பாக்கத்தைச் சுற்றியிருந்த அத்தனை பேரும் என் தொண்டைக்குள் வாடகை தராமல் குடியிருந்தார்கள்.

பத்திரிகையில் பெயர்

எதிர் வீட்டு ரேவதி அக்கா பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். வலைப்பதிவு எழுதுவார். செம்பாக்கம் ஏரியில் இறங்கும் கொக்கு, ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் படும் பாடு, வத்தக்குழம்பு, எதையும் விடமாட்டார். மஸ்கட்டில் வேலை பார்க்கும் அவருடைய அண்ணன் சேகர் ஒவ்வொரு பதிவுக்கும் பின்னூட்டம் போடுவார். ஒன்றுகூட வெளியே வராது. குற்றவாளி ஒரு பிளக்-இன். விளம்பரக் குப்பையைத் தடுக்க அக்கா தன் வலைப்பதிவில் சொருகி வைத்திருந்த குட்டி மென்பொருள் அது. ஆங்கில எழுத்து இல்லாத எதைப் பார்த்தாலும் குப்பை என்று முடிவுகட்டி அடியோடு அழித்துவிடும். மற்றவர்கள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தப்பித்தார்கள். சேகர் அண்ணன், தமிழைத் தமிழில்தான் அடிப்பேன் என்று நிற்கிற ரகம்.

ஒருமுறை அக்கா பிளக்-இன்னை நிறுத்திப் பார்த்தார். அண்ணனின் பின்னூட்டம் வந்தது, வெளியே சொல்ல முடியாத இரண்டு மாத்திரை விளம்பரங்களுக்கு நடுவில். அண்ணன் கொதித்துவிட்டார். அன்றோடு தங்கையிடம் பேச்சு நின்றது.

இந்த நிலைமையில்தான் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அப்பா இல்லாத வீடு. பத்திரிகை அண்ணன் பெயரில்தான் அடிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை அச்சுக்குப் போகிறது என்று அவர்கள் அம்மா போனில் கெஞ்சிக்கொண்டிருந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். மஸ்கட் குரல் ரிசீவரைத் தாண்டிக் கூடம் முழுக்கக் கேட்டது. “மெஷின் அழிச்சிடுச்சாம், கதை விடறா! என் எழுத்து அவ பக்கத்துல வரக்கூடாது, என் பேரு மட்டும் அவ பத்திரிகைல வரணுமா? முதல்ல என் பின்னூட்டம் தன்னால வரட்டும். அப்புறம் பேரைப் போடு.”

நாள் குறித்தல்

பிளக்-இன்னைப் பராமரிப்பவர் ஏதோ குளிர் நாட்டில் இருந்தார். அக்கா மடல் எழுதியதும் பதில் போட்டார்: திங்கட்கிழமை புதிய பதிப்பு வெளிவருகிறது, ஞாயிறு முடிவதற்குள் தமிழுக்கான திருத்தம் வந்தால் சேர்த்துக்கொள்கிறேன். ஆக, நாள் ஏற்கெனவே குறித்தாகிவிட்டது. அப்படித்தான் நாங்கள் நினைத்தோம். அக்காவும் நானும் இருந்த கட்டற்ற மென்பொருள் மடற்குழுவைப் பற்றித் தெரிந்திருந்தும் நினைத்தோம், பாருங்கள்.

ஞாயிறா, வேறு நாளா என்று ஒரு நாள் ஓடியது. நிகழ்ச்சிக்கு என்ன பெயர் வைப்பது என்று ஒரு நாள். டி-ஷர்ட் அடிக்கலாமா, அடித்தால் என்ன நிறம் என்று இன்னொரு நாள். குழுவிலேயே நன்றாக நிரல் எழுதத் தெரிந்தவன் மூன்றாம் வருடம் வசந்த். அவனோ, “ஆக்சுவலி, அந்த பிளக்-இன்னோட டிசைனே தப்பு மச்சான், ஸ்க்ராட்ச்லேர்ந்து எழுதணும்” என்று எல்லாவற்றுக்கும் ஒரே பதில் போட்டான். டி-ஷர்ட்டுக்கும் அதே பதில்தான். ஒவ்வொரு மடலும் வருவதற்கு முன்பே, அடுத்து யார் என்ன எழுதுவார் என்று அவரவர் குரலில் அக்கா வீட்டுக் கூடத்தில் நடந்தபடியே நடித்துக் காட்டினேன். எல்லாம் அப்படியே வந்தது. அக்கா தலையைப் பிடித்துக்கொண்டார். “டேய், பேசாம நீயே ஆறு பேராவும் வந்துடு. கூட்டம் சீக்கிரம் முடியும்.”

கல்லூரி லேப்

இடம் வேண்டுமே. கல்லூரி லேபை ஞாயிற்றுக்கிழமை திறக்க பிரின்ஸிபால் சொன்னால் போதும். பிரின்ஸிபால் சொல்லமாட்டார். அதனால் என்ன, நான் சொல்லலாமே! கேம்ப் ரோட்டில் ஒரு மளிகைக் கடை காயின் போனில் காசைப் போட்டு, தொண்டையைச் செருமி, வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கி, லேப் அசிஸ்டென்ட் முருகேசன் சாருக்கு உத்தரவு போட்டேன். “முருகேசன்… சண்டே மார்னிங்… நம்ம பசங்க வருவாங்க… கிண்ட்லி ஓப்பன் தி லேப்…” என் வாழ்நாளின் ஆகச் சிறந்த நிகழ்ச்சி அது.

முருகேசன் சார் பணிவாகக் கேட்டார். “திறந்துடலாம் சார். ஒரே ஒரு சந்தேகம். இப்ப என் எதிர்ல உக்காந்து டீ குடிக்கிறாரே, அவரு யாரு சார்?”

மணி அண்ணன் கடை

கடைசியில் ராஜகீழ்ப்பாக்கத்தில் மணி அண்ணனின் பிரவுசிங் சென்டருக்குப் போனோம். ஆறு கணினி, அரைக் கதவு போட்ட ஆறு தடுப்பு, ஒரே ஒரு நெட் லைன், சத்தம் மட்டும் போடும் ஒரு ஃபேன். ஞாயிறு மாலை வரை கடை மூடியிருக்கும் என்பதால் அந்த நேரத்தைக் கேட்டோம். அக்கா கல்யாணக் கதையையும் சொன்னோம்.

மணி அண்ணன் நாங்கள் சொன்னதை முழுசாகக் கேட்டார். வசந்த் கட்டற்ற மென்பொருளின் தத்துவத்தை விளக்கியதையும் கேட்டார். அப்புறம் சாவியை எடுத்து நீட்டிக்கொண்டே சொன்னார். “எவனோ எழுதுனத நீங்க ஓசில ரிப்பேரு பண்ணுவீங்கோ. அத்த பண்றதுக்கு எடமும் ஓசி. இன்னா தொழில்பா இது, எல்லாரும் குடுத்துகினே கீறீங்கோ, வாங்கறவன் எவன்னே தெர்ல?”

வசந்தின் சி.டி.

ஞாயிறு காலை ஆறு பேரும் வந்தோம். இது நடந்ததே என்று அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரே நெட் லைனில் ஆறு பேரும் நிரலை இறக்கினால் இழுத்துக்கொண்டு கிடக்கும் என்று, வசந்த் முன்யோசனையாக மொத்த நிரலையும் ஒரு சி.டி.யில் கொண்டுவந்திருந்தான். எல்லாரும் அதிலிருந்து நகல் எடுத்துக்கொண்டு வேலையில் இறங்கினார்கள். எனக்கு மட்டும் வேலை இல்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், ஃபேனை நிறுத்தினேன், போட்டேன். தாங்க முடியாமல் அக்கா ஒரு வேலை கொடுத்தார்: திருத்தியதைச் சோதித்துப் பார்க்கத் தமிழில் விளம்பரக் குப்பை வேண்டும், அடித்துத் தள்ளு.

அட, இதுவல்லவா என் தொழில்! ‘இருபத்தேழே நாளில் சொட்டை மறையும்’ வைத்தியர், ‘தங்கள் ராசிக்கு மரகதம் அணியாவிட்டால் விபரீதம்’ ஜோசியர், ‘ஐயா, மறைமலை நகரில் மனை, ரயிலடிக்கு மிக அருகில்’ என்று தூக்கத்திலும் விற்கும் புரோக்கர், எல்லாரும் என் விரல் வழியே இறங்கினார்கள். அவர்கள் தீர்ந்தபிறகும் விரல் நிற்கவில்லை. கூடத்தில் கேட்ட மஸ்கட் குரல் இன்னும் காதில் இருந்தது. அக்காவின் கொக்குக்கும் வத்தக்குழம்புக்கும் சேகர் அண்ணனாகவும் பக்கம் பக்கமாகப் பின்னூட்டம் அடித்தேன்.

மதியம் திருத்தத்தை அனுப்பினோம். பராமரிப்பவர் உடனே பதில் போட்டார்: நீங்கள் திருத்தியிருக்கும் பகுதியே இப்போது கிடையாது, அதை எடுத்துவிட்டு முழுவதும் புதிதாக எழுதி நாளாகிவிட்டதே. மற்ற ஐந்து தலைகளும் தடுப்புக்கு மேலே எழும்பி வசந்தைப் பார்த்தன. அது அவன் போன மாதம் வேறு எதற்கோ எழுதி வைத்த சி.டி.யாம், அதையே தூக்கி வந்துவிட்டான், நெட்டை மிச்சம் பிடிக்க. கடையை எட்டிப் பார்க்க வந்த மணி அண்ணன் விஷயத்தைக் கேட்டு விசில் அடித்தார். “அப்போ காலைலேர்ந்து இடிச்ச வூட்டுக்கு வெள்ளையடிச்சிகினு இருந்தீங்களா?”

நல்லது, குப்பை

ரேவதி அக்கா அழவில்லை. அந்த மடலை மறுபடி படித்தார். கீழே பராமரிப்பவர் இன்னும் சில வரிகள் எழுதியிருந்தார்: புதிய பிளக்-இன் தானாகக் கற்றுக்கொள்ளும். எனக்குத் தமிழ் தெரியாது. தமிழில் நல்ல பின்னூட்டங்களை ஒரு கோப்பிலும் குப்பையை இன்னொரு கோப்பிலும் அனுப்புங்கள், எது எப்படி இருக்கும் என்று அதற்குப் பழக்கிவிடுகிறேன். நிரலே வேண்டாமாம்! குப்பை, காலையிலேயே நான் அடித்தது தயாராக இருந்தது. நல்லதுதான் வேண்டும். ஆறு பேரும் தட்ட ஆரம்பித்தோம்.

நிரல் எழுதுகிறவர்களைப் பின்னூட்டம் எழுதச் சொல்லிப் பாருங்கள், தெரியும். வசந்த் நெற்றியைச் சுருக்கி வெகுநேரம் யோசித்து ‘நல்ல பதிவு. நன்றி.’ என்று அடித்தான். அப்புறம் ‘நல்ல பதிவு. மிக்க நன்றி.’ நான் ஒவ்வொரு தடுப்பாகப் போய், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ‘மேடம் சூப்பர்’ போடும் கல்லூரிப் பையன், உப்பு எவ்வளவு என்று கேட்கும் மாமி என்று குரல் குரலாகச் சொல்லச் சொல்ல, அவர்கள் அடித்தார்கள். மாலை ஷட்டர் திறப்பதற்குள் வசந்த் எல்லாவற்றையும் இரண்டு கோப்பாகப் பிரித்து அனுப்பினான். அனுப்பிவிட்டு நாற்காலியில் சரிந்தான். “மூணு வருஷமா கோடு எழுதறேன் மச்சான். கடைசில மாமி வாய்ஸ்ல உப்பு கேட்டு கான்ட்ரிபியூட்டர் ஆயிட்டேன்.”

திங்கள் சாயங்காலம்

புதிய பதிப்பு வந்தது. அக்கா சொருகினார். நாங்கள் திரையைச் சுற்றி நின்றோம். கொக்குப் பதிவுக்கு முதல்முறையாக ஒரு தமிழ்ப் பின்னூட்டம், தானாக! இன்னொன்று. யாரோ முன்பின் தெரியாத மனிதர்கள். சேகர் அண்ணனை மட்டும் காணோம். போன் அடித்தது. “ஊர்ல இருக்கறவன் எழுதறதெல்லாம் வருது. நான் மூணு தடவை போட்டுட்டேன். இப்பவும் மெஷினா?” என்று அண்ணன் அவர்கள் அம்மாவிடம் கேட்டு வைத்துவிட்டார். முன்பாவது தங்கைதான் தடுக்கிறாள் என்று சந்தேகம், இப்போது அவர் கையில் ஆதாரம்.

புதிய பிளக்-இன் எதையும் அழிப்பதில்லை. குப்பைக்கு ஒரு தனிப் பெட்டி வைத்திருந்தது. அக்கா திறந்தார். மாத்திரைகளுக்கு நடுவில் அண்ணன் இருந்தார். ‘அடியே, அம்மா சுண்டைக்காய்தான் போடுவா, நீ மணத்தக்காளின்னு எழுதியிருக்க. அந்தக் கொக்கு போட்டோவை இங்க ரூம்ல எல்லாருக்கும் காட்டினேன். எங்க ஏரிடான்னு சொன்னேன்.’ பேச்சு நின்ற பிறகு அண்ணன் எழுதியதை அக்கா படிப்பது அதுதான் முதல் தடவை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே மேலும் கீழும் படித்தார். நான் தோளுக்கு மேலாக எட்டி மறுபடி படித்தேன். அடியே, சுண்டைக்காய், எங்க ஏரி. ஞாயிற்றுக்கிழமை நான் அடித்ததும் ஏறக்குறைய இதேதான். வசந்தைப் பார்த்தேன். அவன் நிதானமாகச் சொன்னான். “காலைல நீ அடிச்ச ஃபைல் மொத்தமும் போலிதானே மச்சான்? அப்படியே குப்பைல போட்டேன். லாஜிக்கலி கரெக்ட்.”

மஸ்கட்டுக்கு ஒரு அழைப்பு

அக்கா நம்பரைச் சுழற்றி ரிசீவரை என் கையில் திணித்தார். என் சொந்தக் குரலில் எல்லாவற்றையும் சொன்னேன்: உங்களை மாதிரியே நான் எழுதினேன், அது குப்பைக்குப் போனது, அதைப் பார்த்து மெஷின் உங்கள் பேச்சே குப்பை என்று படித்துக்கொண்டது. “யாருடா நீ? என்னை மாதிரி எழுதினியா? நல்லா சொல்லிக் குடுத்திருக்கா!” என்றார். வேறு வழி இல்லை. அவர் குரலிலேயே ஆரம்பித்தேன். “மெஷின் அழிச்சிடுச்சாம், கதை விடறா! என் எழுத்து அவ பக்கத்துல வரக்கூடாது…”

நான் போன் ஒயரை விரலில் சுற்றிப் பிரித்துச் சுற்றிக்கொண்டிருந்தேன். பிறகு, “இன்னொரு தடவை சொல்லு” என்றார். சொன்னேன். “டேய், எல்லாரும் இங்க வாங்கடா!” என்று அறை நண்பர்களைக் கூப்பிடுவது கேட்டது. அவர்களுக்கும் சொன்னேன். மஸ்கட்டில் ஒரு அறையே உருண்டு சிரித்தது. ஞாயிற்றுக்கிழமை அடித்ததையெல்லாம் படிக்கச் சொன்னார், படித்தேன். இடையில் ஒருமுறை, ‘நான் இவ்வளவு மோசமாவா பேசறேன்?’ என்று யாரையோ கேட்டார். யாரோ ஆமாம் என்றார்கள். அப்புறம் ரிசீவரை அக்காவிடம் கொடுக்கச் சொன்னார். இருவரும் பேசியது எனக்குத் தெரியாது, நான் தெருவில் போய் நின்றுகொண்டேன். திரும்பி வந்தபோது அக்கா, அண்ணன் சொன்ன கடைசி வாக்கியத்தை அப்படியே ஒப்பித்தார். “பத்திரிகைல என் பேரைப் போடு. ஆனா மண்டபத்துல அந்தப் பையன் கைல மைக்கு மட்டும் போச்சு, நான் மேடைப் பக்கமே வரமாட்டேன்.”

கோப்பைச் சரியாகப் பிரித்து மறுபடி அனுப்பிவிட்டோம், சேகர் அண்ணனும் இப்போது தடையில்லாமல் திட்டுகிறார். ஆனாலும் ஆறு பேர் ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து, ஒரு வரி நிரலைக்கூடச் சேர்க்காமல், ஒரு கல்யாணப் பத்திரிகையில் ஒரே ஒரு பெயரைச் சேர்த்ததுதான் இன்றுவரை எங்கள் குழுவின் ஆகப் பெரிய பங்களிப்பு.